மடி என்று பேர் வாங்கிய வியாதி

என் மாமியார் என்னைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அது சில மாதம்தான் நீடித்தது. என் வாழ்க்கையிலேயே நான் மோசமாக இருந்ததும் அந்தச் சில மாதம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், கொல்லையில் கிணறு உள்ள பழைய வீடு. நான், என் கணவர், அவருடைய அம்மா, புதிதாகப் பிறந்த என் பெண். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாட்டுப்பொண் யாருக்குக் கிடைப்பா? பெத்த குழந்தையைக்கூட எட்ட நின்னுதான் பாக்கறா, அவ்வளவு மடி" என்பார் மாமியார். வந்த மாமிகள் என்னை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் ஈரப் புடவையோடு சமையலறை வாசலில் நின்று சிரித்து வைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் வரலாம்.

மடி என்பது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குளித்து, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் சமையலும் பூஜையும் செய்வது மடி. யாராவது பட்டுவிட்டால் அது விழுப்பு, மறுபடி குளிக்க வேண்டும். என் பிறந்த வீட்டில் இதெல்லாம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. கல்யாணமான புதிதில், கிண்டியில் டைப்பிஸ்ட் வேலை பார்த்த நான், மின்சார ரயிலில் கசங்கி வந்த அதே புடவையோடு நேரே அடுப்படிக்குள் போய்க் காபி கலந்தேன். மாமியார் அந்தக் காபியைத் தொடவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. அவர் அப்படித்தான். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார்.

பிரசவத்துக்குப் போக எனக்கு அம்மா இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அதனால் மாமியாரே எல்லாம் பார்த்தார், நான் ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டிருந்தேன். லேகியம் கிளறினார், பத்தியச் சமையல் செய்தார், குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஒரு காலையில் இளவெயில் காட்டலாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிணற்றடியைத் தாண்டும்போது அது வந்தது. யாரோ காதில் சொன்ன மாதிரி இல்லை. ஒரு காட்சி. என் இரண்டு கையும் நீள்கின்றன, குழந்தை கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகிறது, கீழே தண்ணீர்ச் சத்தம். அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. குழந்தை என் தோளில்தான் இருந்தது, என் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய்க் குழந்தையை மாமியார் கையில் திணித்துவிட்டு, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டேன். இப்படி நினைத்த உடம்பைக் கழுவ வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. குளித்து முடித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தக் கொஞ்சம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் குழந்தையைத் தூக்கினால் நினைப்பு வந்தது. நினைப்பு வந்தால் குளிக்கத் தோன்றியது. பிறகு குழந்தையின் துணியைத் தொட்டாலே வந்தது. "என்னடி, திரும்பியும் ஸ்நானமா?" என்று மாமியார் கேட்டபோது எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. "விழுப்பு பட்டுடுத்தும்மா. மடியா இருக்கலாம்னு பாக்கறேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மின்சார ரயில் மருமகள் கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள்! எனக்கும் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை கிடைத்தது. மடியாக இருப்பவள் குழந்தையைத் தொடமாட்டாள், எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பால் கொடுக்கும்போது மட்டும் மாமியார் குழந்தையை என் மடியில் கிடத்துவார். "இங்கேயே உக்காந்துக்கோங்கோம்மா" என்று கெஞ்சுவேன். குழந்தையின் கழுத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டே பால் கொடுப்பேன். முடிந்ததும் கிணற்றடி.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கையி இப்டி வெந்து போய்க்கீது? சுடுதண்ணில வுட்டுக்கினியா?" என்று பதறினாள். "அது மடிக் கை" என்றார் மாமியார், பதக்கம் வாங்கிய கையைக் காட்டுவதுபோல.

இதை நான் ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று இப்போது என் பெண்ணே கேட்கிறாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் ஆபீசில் ஒருத்தர் கோப்பை மாற்றி வைத்தாலே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று அங்கிருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியை வைத்துச் சிரிப்பார்கள், நானும்தான் சிரித்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பிள்ளை பெற்றபின் சுவரோடு பேசுகிறாள் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை அப்பா வீட்டில், அவள் அவளுடைய அப்பா வீட்டில். அவளுக்காவது பேச்சுத்தான். நான் பெற்ற குழந்தையைக் கிணற்றில் போடுவதாக நினைப்பவள். என்னை என்ன செய்வார்கள்? வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. என் தோலுக்கு அடியில் ஒரு கொலைகாரி உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற வெட்கம்.

சொல்லாமலே ஓட்டியிருப்பேன். ஆனால் மாமியாருக்குக் காசி வந்தது. மாமனார் போனதிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆசை அது. கோவில் பஜனைக் கோஷ்டியோடு போவதற்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சித்திரையில் கிளம்பினால் மூன்று வாரம். கணவர் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை வீட்டில் நான், குழந்தை, கிணறு. சொன்னால் குழந்தை போய்விடும். சொல்லாவிட்டாலும் குழந்தை போய்விடும் என்று நான் நம்பினேன். பங்குனி நகர நகர எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமியாருக்கும் அந்தக் கவலை இருந்திருக்கிறது, வேறு மாதிரி. "நான் இல்லாதப்ப நீ மடியும் பாத்துண்டு குழந்தையையும் எப்படித் தூக்குவே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை நான் கிணற்றடியில் சொட்டச் சொட்ட நின்றிருந்தேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை அரக்குப் பட்டில் சட்டை போட்டிருந்தது. பழைய பட்டுப்புடவையில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, கையாலேயே தைத்திருக்கிறார். கழுத்துப் பட்டியில் சின்னதாக ஜரிகைகூட வைத்திருந்தார்.

"பட்டுக்கு விழுப்பு கிடையாதுடி. பட்டு போட்ட குழந்தையை மடியோட தூக்கலாம். எங்க நாள்லயும் இப்படித்தான் பண்ணுவா. இந்தா, பிடிச்சுக்கோ" என்று நீட்டினார்.

இப்படியொரு விலக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. மடியை அரைகுறையாகக் கற்றவள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியது. நான் பின்னால் நகர்ந்தேன். இடுப்பில் கிணற்றுச் சுவர் இடித்தது. காட்சி வந்தது, இந்த முறை அரக்குப் பட்டோடு.

"கிட்ட வராதீங்கோ!" என்று கத்தினேன். "எடுத்துண்டு போங்கோ! இங்கேருந்து எடுத்துண்டு போங்கோ!"

குழந்தை வீறிட்டது. மாமியார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார், "நான் கட்டிண்ட புடவைன்னா? அவர் இருக்கறப்போ, தலை தீபாவளிக்கு வாங்கிண்டதுடி அது. நான் இப்படி ஆனப்புறம் ஒரு தடவைகூட உடுத்திக்கலை."

கைம்பெண் கட்டிய புடவை குழந்தை மேல் பட்டுவிட்டதே என்று நான் ஒதுங்கியதாக நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை என்றால் பின்னே என்ன? வாயை மூடிக்கொண்டேன். அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பெருமையும் நின்றுபோனது.

சாயங்காலம் கணவர் வந்தார், கேட்டார், குதித்தார். குதித்து முடித்து என் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது மனிதருக்கு. மறுநாளே தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தடவைம்மா தண்ணில கை வைக்கிறீங்க?" என்றார். நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். "தோல்ல ஒண்ணும் குத்தம் இல்ல சார், தண்ணியத் தாங்க மாட்டேங்குது, அவ்வளவுதான். ஏன் கழுவறாங்கன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு அம்மா மனசுக்கு டெஸ்ட் எடுப்பாராம்.

"மனசுக்கு டெஸ்ட்டா? ரத்தம் எடுக்கற மாதிரியா?" என்று கணவர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கேட்டார். கொஞ்ச தூரம் நடந்து, "அம்மாவுக்குத் தோல் டாக்டர்கிட்ட போறதாவே இருக்கட்டும். ஆபீஸ்ல யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

போக ஒப்புக்கொண்டதற்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று எழுதிவிடுவேன். இவளுக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு காகிதம் கிடைத்துவிடும். அதே சமயம் யாராவது என்னைப் பிடித்துவிட மாட்டார்களா என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள், இருந்தது.

அந்த அம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும். நூல் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஒன்றும் துளைக்கவில்லை. பெயர், வயசு, தூக்கம், சாப்பாடு. அப்புறம் சில காகிதங்களும் ஒரு பென்சிலும் கொடுத்தார். "இதுல ஒவ்வொரு வரிக்கும் எதிரே நாலு கட்டம் இருக்கு. ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும். உங்களுக்குப் பொருந்தறதுல டிக் பண்ணுங்க. பாஸ் ஃபெயில் கிடையாது. நான் பக்கத்து ரூம்ல இருக்கேன்" என்று எழுந்து போனார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் கணவர் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை சிணுங்குவது கேட்டது. எழுத ஆரம்பித்தேன். கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒருபோதும் இல்லை. கை சுத்தமாகவில்லை என்று தோன்றுகிறது. என் கை பென்சிலைப் பிடிக்க முடியாமல் எரிந்தது, ஆனாலும் ஒருபோதும் இல்லை. அரைப் பக்கம் இப்படிப் பொய்யாக டிக் போட்டுக்கொண்டு போனேன், பரீட்சையில் காப்பி அடிப்பவளைப்போல நிமிராமல்.

அடுத்த பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது. எனக்கு மிகவும் பிரியமானவர்களை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற நினைப்பு, நான் விரும்பாமலே வருகிறது.

முதலில் வந்தது பயம்தான். இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தோல் டாக்டர் சொல்லியிருக்கிறார், மாமியார் சொல்லியிருக்கிறார், எனக்காகவே இதை எழுதி நடுவில் செருகியிருக்கிறார்கள். எழுந்து கதவைப் பார்த்தேன். குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடலாமா? குழந்தையைத் தொடவே பயந்தவள், அதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

திரும்ப உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தேன். இந்த முறை டைப்பிஸ்டாகப் பார்த்தேன். அது ஸ்டென்சிலில் எடுத்த பிரதி. ஸ்டென்சில் வெட்டுவது என் பிழைப்பு. ஒரே ஓர் ஆளுக்கு என்றால் கடிதம் அடிப்போம், கார்பன் வைத்து ஒரு பிரதி வைத்துக்கொள்வோம். ஸ்டென்சில் வெட்டுவதெல்லாம் ஊருக்கே போகிற சுற்றறிக்கைக்குத்தான். மெழுகுத் தாளில் எழுத்தை வெட்டி, தப்பு வந்தால் சிவப்புத் திரவம் தடவி, காயவைத்து மறுபடி அடித்து, அந்த எழவையெல்லாம் ஓர் ஆளுக்காக எந்த டைப்பிஸ்டும் செய்யமாட்டாள். அதோடு இந்த ஸ்டென்சில் ஓட்டி ஓட்டித் தேய்ந்தது. எழுத்தின் சுழியெல்லாம் கிழிந்து மை அடைத்துப் போயிருந்தது. புது ஸ்டென்சிலில் அப்படி வராது. இதை எத்தனையோ தடவை உருளையில் மாட்டிச் சுற்றியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் எத்தனையோ பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்த வரியைப் படித்திருக்கிறார்கள். இதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு எதிரே 'ஒருபோதும் இல்லை' என்ற ஒரு கட்டத்தோடு விடாமல், நாலு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எப்போதும் என்று சொல்கிறவர்களுக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.

அழுகை வந்தது, மூக்கு ஒழுகும் அழுகை. ரப்பர் இல்லை. முன்பு போட்ட பொய் டிக்குகளையெல்லாம் அடித்துவிட்டு, புதிதாகப் போட ஆரம்பித்தேன். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றது. பிறகு எப்போதும் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தேன். இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும்.

அந்த அம்மா வந்து காகிதங்களைப் புரட்டினார். அடித்து எழுதியதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரியில் விரலை வைத்தார். "இது யாரைப் பத்தி வருது?"

"குழந்தை."

"எங்க வெச்சு வரும்?"

"கிணத்தடி."

"செய்யணும்னு ஆசையா இருக்கா, செஞ்சிடுவோமோன்னு பயமா இருக்கா?"

இதை எவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "பயம்" என்றேன். "பயம் மட்டும்தான். செத்துடலாம் போல இருக்கு." அந்தக் கடைசி வார்த்தைக்கு அவர் நிமிர்ந்து, நிஜமாகவே சாகத் தோன்றுகிறதா, அதற்கு ஏதாவது செய்யப் பார்த்தேனா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன், இந்த முறை உண்மையாக. அவர் குறித்துக்கொண்டார், காய்ச்சல் எத்தனை நாள் என்று குறித்துக்கொள்கிற மாதிரி. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து யாரையும் கூப்பிடவில்லை. என்னால் நம்பவே முடியவில்லை. உலகத்திலேயே அசிங்கமான விஷயத்தை அவர் மேஜையில் கொட்டியிருக்கிறேன், அவர் பேனாவில் மை வரவில்லை என்று உதறிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தடவை போனபோது கூட்டிக் கழித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்காத மார்க்கையெல்லாம் இதில் வாங்கியிருந்தேன். இதற்கு ஓசிடி என்று பெயர், வேண்டாத நினைப்பும் அதைப் போக்கத் திரும்பத் திரும்பச் செய்கிற காரியமும் சேர்ந்த வியாதி, பிள்ளை பெற்றபின் சிலருக்கு இப்படி வரும், மருந்தும் பயிற்சியும் உண்டு என்றார். அங்கேயே இருந்த மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். "வீட்ல உள்ளவங்கள கூட்டிட்டு வாங்க" என்று அந்த அம்மா சொன்னார். பெயர் கிடைத்தது நிஜம்தான். அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு மாமியார் முன்னால் நிற்க வேண்டுமே.

கணவர்தான் எப்படியோ அவரை அழைத்துவந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மாமியார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த அம்மா என்னிடம் அனுமதி கேட்டார். நான் தலையாட்டினேன். அதே காகிதத்தை, டிக் இல்லாத புதுப் பிரதியை, மாமியாரிடம் கொடுத்து அந்த வரியைக் காட்டினார். "உங்க மருமகளுக்கு இது இருக்கும்மா. குழந்தையக் கிணத்துல போட்டுடுவோமோன்னு பயம். அதான் தொடாம எட்டி எட்டிப் போறாங்க."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுலோகம் படிப்பதுபோல உதட்டை அசைத்து வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். தோளில் இருந்த குழந்தையை இன்னொரு தோளுக்கு, என்னிடமிருந்து தள்ளியிருந்த தோளுக்கு, மாற்றிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

"இத வரவா எல்லார்கிட்டயும் கேப்பேளா?"

"எல்லார்கிட்டயும்மா."

"இவ குழந்தைய ஏதாவது பண்ணிடுவாளா?"

"வேற சில வியாதி இருக்கும்மா, அதுல நாங்களே குழந்தையத் தனியா விட வேண்டாம்னு சொல்லுவோம். அதையும் இதையும் பிரிச்சுப் பாக்கத்தான் இவ்வளவு கேள்வி. இவங்களுக்கு இருக்கறது அது இல்ல. இவங்க செய்யறவங்க இல்ல, செஞ்சிடுவோமோன்னு செத்துப் பிழைக்கிறவங்க."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "அப்ப அவ மடியா இல்லையா? நான் ஊரெல்லாம் சொன்னேனே?"

கிணற்றைப் பற்றிச் சொன்னதைவிட இதற்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. "இல்லம்மா" என்றேன். "அன்னிக்கு உங்க புடவைக்காகவும் நான் ஒதுங்கலைம்மா."

அவர் தலையை மட்டும் அசைத்தார். வீடு வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். குழந்தையை என்னிடம் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் வந்த நாள்கள் முள்மேல் இருந்த நாள்கள். பயிற்சி என்னவென்றால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், நினைப்பு வந்தால் வரட்டும் என்று விட வேண்டும், எழுந்து குளிக்கக் கூடாது. நான் எழுந்தால் வீட்டில் உள்ளவர்கள் தடுக்க வேண்டும். காலமெல்லாம் குளி, குளி என்று சொல்லியே பழகிய என் மாமியார், கிணற்றடிக்குப் போகும் கொல்லைக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "போய் உக்காரு, ஸ்நானம் பண்ணினது போறும்" என்றார். நான் அழுதேன், காலில் விழுந்தேன், ஒருநாள் மரியாதையில்லாமல் கத்திக்கூட விட்டேன். மனுஷி நகரவில்லை. நினைப்பு உச்சத்துக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு தானாக இறங்கும் என்று எனக்கு முதலில் தெரியவந்தது அந்த மூடின கதவுக்கு முன்னால்தான். மாத்திரையும் மெல்ல மெல்ல வேலை செய்தது.

கணவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. என்னிடம் சொல்லாமல் பம்மலிலிருந்து ஒரு வெல்டிங்காரரைக் கூட்டிவந்து, கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட அளவெடுக்கச் சொன்னார். அவர் டேப்பை நீட்டும் சத்தம் கேட்டு எனக்கு உடம்பு கூசியது. என்னை நம்பவில்லை என்பதை அளந்து பார்ப்பதுபோல இருந்தது. மாமியார் கொல்லைக் கதவுக்கு வந்தார். "கிணத்துக்கு ஒண்ணும் வியாதி இல்லைடா. அவரை அனுப்பிடு" என்றார். அப்புறம் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்து, குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்சி வந்தது. குழந்தை என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கீரை ஆய்ந்து முடிகிறவரை நான் எழுந்திருக்கவில்லை.

இதற்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்களை அந்த ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பார்த்திருக்கிறார்கள். வந்து போகும் மாமிகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டு மாமி மட்டும் அடிக்கடி வந்து குழந்தையை உற்று உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். காசி நெருங்கியது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் கணவர். நானும் அதையேதான் சொன்னேன், நிஜமாகவே சொன்னேன். குழந்தையோடு இருக்க முடிந்தது, தனியாக இருக்க முடியும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. மாமியார் பழையபடி வாயை மூடிக்கொண்டார். போவாரா, மாட்டாரா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்ப வேண்டிய அன்று காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கணவர் பெட்டியை ஏற்றினார், ஸ்டேஷனில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போக வேண்டியவர் அவர். மாமியார் குழந்தைக்கு நெற்றியில் விபூதி இட்டு, என் கையில் கொடுத்தார். "வேளாவேளைக்கு மாத்திரையைப் போட்டுக்கோ" என்றார்.

எதிர்வீட்டு மாமி தன் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். என்னையும் குழந்தையையும் ஒரு பார்வை பார்த்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தி, "ஏன் மாமி, கைக்குழந்தையை யார்கிட்ட விட்டுட்டுக் காசிக்குக் கிளம்பிட்டேள்?" என்றாள்.

"அதோட அம்மாகிட்ட" என்று சொல்லிவிட்டு மாமியார் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.